விடியப்புறம் மடங்கிக் கிடக்கும் விரல்

கேள்வி: டொக்டர், எனக்கு வயது 52. களுவாஞ்சிக்குடிப் பக்கம். விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவிச்சு நாலு கடைக்குக் குடுக்கிறன். பதினாலு வருசமா இதுதான் சீவியம். இப்ப ஆறு மாதமா எழும்பக்குள்ள வலக்கை மோதிர விரல் மடங்கிக் கிடக்கு. மற்றக் கையால பிடிச்சு நிமித்தினா 'டக்' எண்டு சத்தத்தோட நிமிருது, நோ உயிர் போகுது. முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியார் எண்ணெய் போட்டு உருவி விரலை இழுத்தும் விட்டார். மூணு நாள் கை வீங்கிப் போச்சு. மச்சாள் இது வாதம் எண்டு சொல்லுறா. எட்டு வருசமா சீனி வருத்தம் இருக்கு, கிளினிக் குளிசை எடுக்கிறன். வைத்தியசாலையில கையில ஊசி போடுவம் எண்டாங்க, பயத்தில திரும்பி வந்திட்டன். ஊசி போட்டா எலும்பு உக்கிப்போகும், சீனி ஏறும் எண்டு சனம் சொல்லுது. கட்டாரில இருக்கிற மகன் கொழும்புக்குப் போய் வெட்டச் சொல்லுறான். வெட்டினா கை விளங்காமப் போயிருமா? வைகாசியில ஊர்க் கண்ணகை அம்மன் சடங்கு. அதுக்கு முதல் சுகமாகுமா?

பதில்:

அன்புள்ள அக்காவுக்கு (நீங்கள் என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அதனால் அக்கா),

கடிதத்தில் 'டக்' என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி வைத்தியம் அந்தச் சொல்லிலேயே முடிந்துவிட்டது. மடங்கும், கொழுவிக்கொள்ளும், பிறகு 'டக்' என்று விடும். விரலில் இந்த மூன்றையும் சேர்த்துச் செய்கிற வருத்தம் அநேகமாக ஒன்றுதான். அதை ட்ரிகர் ஃபிங்கர் என்கிறோம். ட்ரிகர் என்றால் துப்பாக்கியின் விசை. நம்முடைய பக்கத்தில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1850 இல் நொட்டா என்ற பிரெஞ்சு வைத்தியர் இதைப் பார்த்து எழுதிவைத்தார். இன்றைக்கும் அவர் செய்தது போலவே விரலைத் தொட்டுப் பார்த்துத்தான் இதைக் கண்டுபிடிக்கிறோம். எக்ஸ்ரே எடுத்தாலும் அதில் ஒன்றும் தெரியாது. ஆகவே "படம் எடுக்கவேயில்லை, என்ன டொக்டர் இவர்" என்று யாரையும் கோபிக்க வேண்டாம்.

வாசிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒன்று செய்து பாருங்கள். இடக்கைப் பெருவிரலை வலது உள்ளங்கையில் வையுங்கள். மோதிர விரலுக்கு நேர் கீழே, உள்ளங்கையின் மேல் ரேகை ஓடுகிற இடத்தில் வைத்து, மெல்ல அமத்தியபடி மோதிர விரலை மடக்கி நிமிர்த்துங்கள். பெருவிரலுக்கு அடியில் பயற்றங்கொட்டை அளவில் ஒன்று உருண்டு போய் வரும். அமத்தினால் நோகும். பழுது அங்கேதான் இருக்கிறது. 'டக்' என்பது விரலின் நடு மூட்டில் கேட்கிற மாதிரி இருப்பதால் எல்லோரும் அந்த மூட்டையே பிடித்து உருவுகிறார்கள். எண்ணெய் போட்டதும் இழுத்ததும் மூட்டில், வருத்தமோ உள்ளங்கையில். மூன்று நாள் வீங்கியதில் அதிசயமில்லை.

உள்ளே நடப்பதைப் பாவாடை நாடாவை வைத்துச் சொல்கிறேன். விரலை மடக்குகிற தசை விரலில் இல்லை, முழங்கைக்குக் கீழே முன்னங்கையில் இருக்கிறது. அங்கிருந்து நாடா மாதிரி நாண்கள் இறங்கி, மணிக்கட்டைக் கடந்து, உள்ளங்கை வழியாக விரல் நுனிவரை போகின்றன. பெருவிரல் தவிர்ந்த மற்ற விரல்களுக்கு இரண்டிரண்டு. இந்த நாண்கள் எலும்பை விட்டு விலகாமல் இருப்பதற்காக விரல் நீளத்துக்கு ஐந்து வளையங்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாவாடை இடுப்பில் நாடா ஓடுகிற மடிப்பு போல என்று வையுங்கள். உள்ளங்கையில் இருக்கிற முதல் வளையம் தடித்து இறுகிவிட்டால் அதற்குள் ஓடுகிற நாண் உரஞ்சி உரஞ்சி ஒரு இடத்தில் முண்டுகிறது. நாடாவில் முடிச்சு விழுந்த கதைதான். மடக்குகிற தசை பலமானது, முடிச்சை வளையத்துக்கு வெளியே இழுத்துவிடும். நிமிர்த்துகிற தசைக்கு அந்தப் பலம் இல்லை, முடிச்சைத் திரும்ப உள்ளே நுழைக்க முடியாமல் நின்றுவிடும். மற்றக் கையால் நீங்கள் நிமிர்த்தும்போது முடிச்சு வளையத்துக்குள் பாய்கிற சத்தம்தான் அந்த 'டக்'. இரவெல்லாம் விரல் மடிந்தபடி அசையாமல் கிடந்து நீர் கோத்துக்கொள்வதால் விடியப்புறம் மோசமாக இருக்கும். வேலை செய்யச் செய்ய இளகும்.

எனக்கு ஏன் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காரணம் கடிதத்திலேயே கிடக்கிறது. 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில் பெண்களுக்கு இது கூட. பெருவிரலும் மோதிர விரலும்தான் அதிகம் அகப்படும். அடுத்தது சீனி. பொதுவில் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருதரம் வருகிற இந்த வருத்தம், சீனி உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை வருகிறது. இரத்தத்தில் சீனி கூடி நிற்கும் வருடங்களில் அது நாண், வளையம் போன்ற இழையங்களில் ஒட்டி அவற்றை விறைப்பாக்கிவிடும். சீனிக்காரருக்கு ஒரு விரல் சுகமாகும்போது அடுத்த விரல் தொடங்குவதும் அதனால்தான். மூன்றாவது, இடியப்ப உரல். அதன் பிடிகள் உள்ளங்கையில் எங்கே அமத்துகின்றன என்று நாளைக்குப் பாருங்கள். சரியாக அந்த முதல் வளையத்தின் மேல்தான். மருதமுனையில் தறி அடிக்கிறவர்கள், வலை இழுக்கிறவர்கள், நாள் முழுக்கத் துணி வெட்டுகிற தையல்காரர், வேளாண்மை வெட்டுக்காலத்தில் தாக்கத்தி பிடிக்கிறவர்கள் என்று கிளினிக்குக்கு வருகிற கைகளில் எல்லாம் இதே இடத்தில் தழும்பு இருக்கும். வேலை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அதே உரலைப் பிடிக்கிற எத்தனையோ பேருக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு மூன்றும் சேர்ந்துவிட்டன.

மச்சாளின் வாதத்துக்கு வருவோம். முழுப் பிழை என்று சொல்ல முடியாது. மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் விரல் இப்படிக் கொழுவும். ஆனால் மூட்டுவாதம் ஒரு விரலோடு நிற்பதில்லை. இரண்டு கையிலும் பல மூட்டுகள் வீங்கும், காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கை முழுக்க விறைத்திருக்கும், உடம்பு அலுத்துப்போகும். அப்படி ஏதும் இருந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். தைரொயிட் குறைவும் இதற்குத் துணைபோகும். இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போய் கையை உதறவேண்டி வந்தால் அதையும் சொல்லுங்கள், அது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிற வேறொரு கதை. இரண்டும் ஒரே கையில் சேர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பரியாரியாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் ஊரில் எத்தனையோ எலும்பை அவர்கள் சேர்த்துவைத்திருக்கிறார்கள். ஆனால் இது எலும்பும் இல்லை, மூட்டு விலகலும் இல்லை. இழுக்க இழுக்க முடிச்சு வீங்கும். நோவெண்ணெயைப் பூசி மெல்லத் தடவினால் தீங்கில்லை, சுகமாகவும் இருக்கும். விரலைப் பிடித்து இழுப்பதையும் சொடக்கு எடுப்பதையும் மட்டும் இன்றோடு விடுங்கள். பிள்ளைகள் அந்தச் சத்தத்தைக் கேட்க ஆசைப்பட்டு "இன்னொருக்கா செய்யுங்க" என்பார்கள், அதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

வாவிக் கரையிலும் கடற்கரையிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கெளுத்தி முள்ளோ இறால் கொம்போ குத்தி, ஒன்றிரண்டு நாளில் விரல் முழுதும் ஒரே அளவாக உப்பி, சிவந்து, சூடாகி, அரை மடிப்பில் நின்று, நிமிர்த்தப்போனால் கத்துகிற அளவுக்கு நொந்தால் அது ட்ரிகர் ஃபிங்கர் அல்ல. நாண் ஓடுகிற குழாய்க்குள் சீழ் பிடிக்கிறது. காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சீனிக்காரர் இதில் ஒரு இரவு தாமதித்து விரலை இழந்திருக்கிறார்கள்.

இனி உங்கள் கைக்கு. இரவில் அந்த விரல் மடியாமல் வைத்துக்கொள்வது முதல் வேலை. வைத்தியசாலை இயன்மருத்துவப் பிரிவில் கையின் அளவுக்குப் பிளாஸ்ரிக்கில் தாங்கி செய்து தருவார்கள். அது கிடைக்கும்வரை, கழுவிக் காயவைத்த ஐஸ்பழக் குச்சி ஒன்றை விரலின் உள்பக்கமாக, உள்ளங்கைக்குள் கொஞ்சம் இறங்கும்படி வைத்து, பஞ்சு சுற்றி, பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு படுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். சீனிக் கைக்குத் தோல் உரஞ்சிப் புண்ணானாலும் சுருக்கெனத் தெரியாது, காலையில் அவிழ்த்ததும் தோலைப் பாருங்கள். ஆறு கிழமை விடாமல் செய்யவேண்டும். வந்து ஒன்றிரண்டு மாதமான விரலுக்கு இது மட்டுமே போதும் என்று ஆகிவிடுவதுண்டு. உங்களுடையது ஆறு மாதம், அதுவும் மற்றக் கையால் நிமிர்த்தவேண்டிய நிலை. தாங்கி மட்டும் போதாது, ஆனால் அடுத்துச் சொல்லப்போகிறதற்கு அது உதவும். எழும்பியதும் கையை ஐந்து பத்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் வைத்து விரலை மெல்ல அசையுங்கள். நீரின் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

இடியப்பத்தை விடச் சொல்லி நான் எழுதப்போவதில்லை. நாலு கடை, பதினாலு வருசம், "ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு லேசு. ஆனால் உரலின் பிடி மெல்லியதாக இருந்தால் பழைய சைக்கிள் ரியூப்பையோ துணியையோ சுற்றித் தடிப்பாக்கலாம். பிடி தடிக்கத் தடிக்க விரல் இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. முடிந்தால் திருகுகிற உரலுக்கு மாறுங்கள், அதில் விரல் நெரிவது குறைவு. மா இறுகினால் இரண்டு மடங்கு அமத்தவேண்டி வருகிறது, அதனால் நன்றாகக் கொதித்த நீரில், அகப்பைக் காம்பால் கிளறி, கொஞ்சம் இளக்கமாகக் குழையுங்கள். அம்பது தட்டையும் ஒரே மூச்சில் பிழியாமல், பத்துக்கு ஒருதரம் கையை விரித்துவிட்டு, அவியவைக்கிற வேலையை இடையில் செய்யுங்கள். பிழிய வேறொரு கை வீட்டில் இருந்தால் இந்த ஆறு கிழமைக்காவது அதைக் கேளுங்கள். தேங்காய் திருவுவதும் தண்ணீர் வாளி தூக்குவதும் இடக்கைக்கு. இதைச் சொல்வது எனக்குத் தெரிந்த வைத்தியத்தில் பாதி என்றால், மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள்.

நோவுக் குளிசை பற்றி ஒரு வரி. பாமசியில் கேட்டு வாங்குகிற டைக்குளோபினாக் மாதிரியான குளிசைகள் நோவைக் கொஞ்சம் குறைக்கும், முடிச்சைக் கரைக்காது. எட்டு வருசச் சீனிக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அவற்றைத் தொடக்கூடாது. தாங்க முடியாவிட்டால் பனடோல்.

ஊசிக்கு வருகிறேன். அந்த ஊசி ஸ்டீரொயிட், அதாவது வீக்கத்தை இறக்குகிற மருந்து, கூடவே விறைக்கிற மருந்தும் இருக்கும். எலும்புக்குள் போடுவதில்லை, நாண் ஓடுகிற உறையடிக்குத்தான் போடுகிறோம். எலும்பு உக்காது. குத்தும்போது நோகும், பொய் சொல்ல மாட்டேன். உள்ளங்கைத் தோல் தடித்தது. அன்றிரவும் அடுத்த நாளும் கொஞ்சம் கடுக்கும். நோ சில நாட்களில் இறங்கும், 'டக்' போவதற்கு இரண்டு மூன்று கிழமை கூட எடுக்கலாம். ஒரு ஊசியிலேயே பாதிக்கு மேற்பட்டோர் சுகமாகிறார்கள். சீனி உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு, இருந்தாலும் முயன்று பார்க்கத் தகுந்தது. குத்திய இடத்தில் தோல் சற்று வெளிறலாம், மெலியலாம். ஒரே விரலுக்கு இரண்டு தரம், மிஞ்சினால் மூன்று தரம். அதற்கு மேல் போட்டால் நாணே பலவீனப்பட இடமிருக்கிறது.

சீனி ஏறும் என்று சனம் சொன்னது உண்மை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், உங்களைப் போல ஒரு அம்மாவுக்கு விரலில் ஊசி போட்டு அனுப்பினேன். சீனி ஏறும் என்று சொல்லவில்லை, சின்ன அளவுதானே என்று நினைத்தேன். மூன்றாம் நாள் நாக்கு வரண்டு, இரவெல்லாம் சிறுநீர் கழித்து, பயந்துபோய் வந்தார். சீனி முந்நூறைத் தாண்டி நின்றது. ஒரு கிழமையில் இறங்கிவிட்டது, கேடு ஒன்றும் வரவில்லை. ஆனால் அவர் பிறகு எந்த ஊசிக்கும் கை நீட்டவில்லை. அது என் பிழை, ஊசியின் பிழை அல்ல. அதனால் உங்களுக்கு எழுதிவிடுகிறேன். ஊசி போட்ட அடுத்த நாளிலிருந்து ஐந்து முதல் ஏழு நாள் வரை சீனி ஏறி நிற்கும், பிறகு தானாக இறங்கும். போடுவதற்கு முன் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். சீனி ஏற்கெனவே கட்டுப்படாமல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு ஊசியைப் போடச் சொல்லுங்கள். அந்தக் கிழமையில் வீட்டிலோ பாமசியிலோ காலையில் வெறும் வயிற்றிலும் பின்னேரமும் பாருங்கள். தொடர்ந்து 250க்கு மேல் நின்றால், அல்லது தாகமும் தலைச்சுற்றும் வந்தால், கிளினிக்குக்குப் போங்கள். குளிசையை நீங்களே கூட்டாதீர்கள். இன்சுலின் எடுக்கிறவர்கள் இன்னும் கவனம்.

ஊசி கேட்காவிட்டால் வெட்டுவது. கை விளங்காமல் போகும் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், நாணையே வெட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள். நாணைத் தொடுவதேயில்லை. இறுகிப்போன அந்த முதல் வளையத்தை மட்டும் திறந்துவிடுகிறோம். ஐந்து வளையங்களில் விரலுக்கு அவசியமானவை இரண்டாவதும் நாலாவதும். முதலாவது இல்லாமல் விரல் நன்றாகவே ஓடும். உள்ளங்கையில் மட்டும் விறைப்பு ஊசி போட்டு, ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேலான வெட்டு, கால் மணித்தியால வேலை. மேசையில் கிடந்தபடியே விரலை மடக்கி நிமிர்த்தச் சொல்வார்கள், அந்த இடத்திலேயே 'டக்' போனதை நீங்களே பார்ப்பீர்கள். அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். விரலை அன்றிரவிலிருந்தே அசைக்கவேண்டும், கட்டோடு பொத்திவைத்திருந்தால்தான் விறைக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் தையல் வெட்டுவார்கள், அதுவரை கை நனையக்கூடாது, மா குழைக்கக்கூடாது. உரல் பிடிக்க நாலு முதல் ஆறு கிழமை. தழும்பு சில மாதத்துக்குத் தொட்டால் கூசும். சீனிக்காரருக்குக் கிருமி தொற்றுவதும் காயம் ஆறச் சுணங்குவதும் கூட, அதனால் சீனி இறங்கிய பிறகே நாள் குறிப்பார்கள். விரலோர நரம்பு காயப்பட்டு மரத்துப்போவது அரிது. பெருவிரலில் அந்த நரம்பு வெட்டுக்கு மிகக் கிட்ட ஓடுவதால் அங்கே இன்னும் நிதானம் வேண்டும். இரத்தம் கட்டிப்போகாமல் இருக்க எடுக்கிற அஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவை எடுத்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

இதற்குக் கொழும்பு வேண்டாம். மகன் அன்பில் சொல்கிறார், அது விளங்குகிறது, ஆனால் கட்டாரில் உழைத்த காசை இதற்குக் கொட்டவேண்டியதில்லை. களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய்க் கையைக் காட்டினால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் எலும்பியல் கிளினிக்குக்குத் துண்டு தருவார்கள். காசு இல்லை. விடியவே போய் நம்பர் எடுக்கவேண்டும், அதுதான் கஷ்டம். மூன்று மணிக்கு எழும்புகிற உங்களுக்கு அதுவும் பெரிதில்லை.

பேரப்பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். ஒன்று, இரண்டு வயதில் பெருவிரல் நுனி மடங்கி நிமிராமல் இருப்பதும் இதே வகைதான், அங்கே நோ இருக்காது. தூளியாலோ பிறந்தபோது யாரும் பிடித்ததாலோ வந்ததல்ல. பலருக்குத் தானாகச் சரியாகிவிடும், ஆனாலும் ஒருதரம் காட்டிவிடுங்கள்.

சடங்குக்கு முதல் சுகமாகுமா என்றீர்கள். உங்கள் கடிதம் மாசியில் எழுதப்பட்டது. இப்போதே போய் ஊசி போட்டுக்கொண்டால் சித்திரைப் புதுவருசத்துக்குள் அது கேட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். கேட்டிருந்தால் சடங்கின் முடிவில் வரும் குளிர்த்திக்குப் பொங்கலும் நீங்களே வைக்கலாம். கேட்காவிட்டாலும் சடங்குக்கு முன் வெட்ட அவசரப்படாதீர்கள். ஊசி போட்டு மூன்று மாதமாவது கழிந்த பிறகு வெட்டுவதுதான் கிருமி தொற்றாமல் இருக்க நல்லது, தையல் போட்ட கையோடு அடுப்படியில் நிற்கவும் முடியாது. ஆனிக்கு நாள் கேளுங்கள். அதுவரை ஐஸ்பழக் குச்சி, தடித்த பிடி, இளக்கமான மா. பரியாரியார் வீட்டுப் பக்கம் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.